நிற்கிறவர்கள் கணக்கில் வரவில்லை

ஓர் அறைக்குள் எத்தனை பேர் இருக்கலாம் என்பதைக் கணினி சொல்லும் என்று எனக்கு நாற்பத்தாறு வயது வரை தெரியாது. தெரியாமலே இருந்திருந்தால் என் மகளுக்கு இந்நேரம் பூ வைத்திருப்பார்கள்.

அம்பாசமுத்திரத்திலிருந்து ஆழ்வார்குறிச்சி போகிற வழியில் ஒரு கல்யாண மண்டபத்தில் வேலை பார்க்கிறேன். சாவி என்னிடம்தான் இருக்கும். விசேஷத்துக்கு முந்தின நாள் திறந்து கொடுப்பேன், தண்ணீர்த் தொட்டியை நிரப்புவேன், பாத்திரங்களை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குவேன், எல்லாரும் போன பிறகு கழுவிவிட்டுப் பூட்டுவேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு இது நல்ல வேலை. பேச வேண்டியது குறைவு என்பதால் எனக்கு ரொம்பவே நல்ல வேலை. புது ஆள் ஒருவர் எதிரே வந்து நின்றால் என் கண் தானாகத் தரைக்குப் போய்விடும். வாயில் வருகிற வார்த்தை பாதியில் நின்றுவிடும். அண்டாக்களிடமும் கரண்டிகளிடமும் அந்தச் சிரமம் இல்லை.

மகள் அம்பாசமுத்திரத்தில் ஒரு மருந்துக் கடையில் இருக்கிறாள். ஒரே பிள்ளை. போன வருஷம் தை கழிந்து அவளுக்கு ஆழ்வார்குறிச்சியிலிருந்து ஓர் இடம் வந்தது. பையன் சொந்தமாக மோட்டார் பழுது பார்க்கிற கடை வைத்திருந்தான். அவனும் அவனுடைய அப்பா அம்மாவும் வந்து பார்த்தார்கள். நகை பற்றி அவர்கள் வாயைத் திறக்கவில்லை. பையனும் மகளும் அடுக்களைப் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் பேசினார்கள். திரும்பி வந்தபோது மகளின் முகத்தில் இருந்ததை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. பையனின் தாய்மாமன் திருப்பூரில் பனியன் தொழிலில் இருக்கிறார், அவர் வந்து ஒரு தடவை பார்த்துச் சரி சொல்லிவிட்டால் பூ வைத்துவிடலாம் என்றார்கள். எங்கள் பக்கத்தில் மாமன் சொல்லாமல் எதுவும் நடக்காது. நாங்கள் அவருக்காகக் காத்திருந்தோம்.

அந்தச் சமயத்தில்தான் முதலாளி மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தை இடித்துக் கட்டினார். தகரக் கூரை போய்க் காங்கிரீட் வர வேண்டும், முழுக்க ஏசி வேண்டும் என்பது அவருடைய ஆசை. இந்த வட்டாரத்தில் எந்த மண்டபத்திலும் சாப்பாட்டுக் கூடத்துக்கு ஏசி கிடையாது. வரைபடம் போடத் திருநெல்வேலியிலிருந்து ஓர் இஞ்சினியர் வந்தார். சின்ன வயது. நல்ல பையன். என்னையும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். மடிக்கணினியைப் பந்தி மேசையில் விரித்து வைத்து உட்கார்ந்திருந்தார். நான் டீ கொண்டுபோய் வைத்தேன்.

"அண்ணாச்சி, ஒரு பந்தியில எத்தன பேரு இருப்பாவ?" என்று கேட்டார்.

"நூத்தம்பது இலை போடுவோம் சார்."

"அதுக்கு மேல வராதா?"

"வராது சார். மேசையே அவ்வளவுதான்."

அவர் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். கூடத்தை மேலேயிருந்து பார்த்தது மாதிரி இருந்தது. சுவர்கள் கறுப்புக் கோடு. நடுவில் தரை முழுக்க வெளிறின மஞ்சள்.

"இந்த அறை எதுக்குன்னு இதுக்கிட்ட நாம சொல்லணும். ஆபீஸ்னா ஒரு ஆளுக்கு இவ்வளவு இடம்னு வச்சிருக்கு. சினிமாக் கொட்டகைன்னா வேற. மேச நாற்காலி போட்ட சாப்பாட்டு அறைன்னா வேற. பரப்ப அதால வகுத்து ஆள் கணக்க அதுவே சொல்லிரும். அத வச்சுத்தான் கதவு எவ்வளவு அகலம், ஏசி எவ்வளவு பெருசு, எல்லாம்."

"ஆளுக்கும் ஏசிக்கும் என்ன சார்?"

"ஒவ்வொரு ஆளும் சூடு விடுதான்லா அண்ணாச்சி. சும்மா உக்காந்திருந்தாலே பழைய குண்டு பல்பு ஒண்ணு எரியுத மாதிரி."

பக்கத்தில் நின்ற முதலாளி, "எங்க சின்ன மைத்துனர ரெண்டு பல்பாப் போட்டுக்கிடும் தம்பி," என்றார். இஞ்சினியர் சிரித்துக்கொண்டே ஒரு பட்டியலிலிருந்து சாப்பாட்டு அறை என்பதைத் தேர்ந்தெடுத்தார். மஞ்சளின் நடுவில் ஓர் எண் வந்து நின்றது. நூற்று அறுபது.

"பாத்தியளா? நீங்க சொன்னதும் இது சொல்லுததும் சரியா வருது. பரிமாறுதவங்களையும் சேத்தா கணக்கு முடிஞ்சது."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் பொய்யில்லை. அன்றைக்கு வீட்டில் மனைவியிடம்கூடச் சொன்னேன். அவள் புளி கரைத்துக்கொண்டே, "கூலி கூட்டித் தாராவளா?" என்று கேட்டாள்.

நான் சொன்ன கணக்கு தப்பில்லை. இன்றைக்கும் யார் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். ஆனால் எங்கள் ஊர்க் கல்யாணத்துக்கு வந்தவர்களுக்குத் தெரியும், பந்தி தொடங்கி இலையில் அவியல் விழும்போதே ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாலும் ஓர் ஆள் வந்து நின்றுவிடும். சிலர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொள்வார்கள். சிலர் கைக்குட்டையைத் தொங்கவிடுவார்கள். உட்கார்ந்திருப்பவர் சாம்பாரில் இருக்கிறாரா ரசத்துக்குப் போய்விட்டாரா என்று தோளுக்கு மேலே எட்டிப் பார்ப்பார்கள். மோருக்குக் கை குழிக்கும்போது பின்னால் நாற்காலி ஆடத் தொடங்கிவிடும். சாப்பிடுகிறவர் கோபித்துக்கொள்ள மாட்டார். அவரும் சற்று முன்னால் அப்படி நின்றவர்தான். இப்படி நிற்கிறவர்களை நாங்கள் யாரும் பந்தியில் சேர்ப்பதில்லை. அவர்கள் அடுத்த பந்தி. எத்தனை பேர் என்று கேட்டால் இலையைத்தான் எண்ணிச் சொல்வோம். அந்த இஞ்சினியரும் திருநெல்வேலிக்காரர்தான். எத்தனை கல்யாணத்தில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பார். அவருக்கும் அது தோன்றவில்லை.

வைகாசியில் முதல் கல்யாணம் நடந்தது. முதல் பந்தி பாதி போகும் முன்னே கூடம் புழுக்கத்தில் அவிந்துவிட்டது. சுவரில் இருந்த ஏசி எல்லாம் இரைந்துகொண்டுதான் இருந்தன. காற்றுதான் குளிரவில்லை. ஏசிக்காக ஜன்னல்களை அடைத்துவிட்டதால் பழைய தகரக் கொட்டகையில் வந்த காற்றும் இல்லை. பாயசம் பரிமாறின பையனின் மூக்கு நுனியிலிருந்து வேர்வை சொட்டுவதைப் பார்த்துப் பெண்ணின் சித்தப்பா சத்தம் போட்டார். "ஏசிக்குன்னு தனியா வாங்கினியளே, இதுதான் ஒம்ம ஏசியா? இதுக்கு ஆத்தங்கரையில பந்தல் போட்டிருப்போம்" என்று முதலாளியின் முகத்துக்கு நேரே கேட்டார்.

முதலாளி அங்கேயே நின்று இஞ்சினியருக்குப் போன் போட்டார். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்திருந்தார்.

"உள்ள எத்தன பேரு இருக்காவ அண்ணாச்சி?" என்று இஞ்சினியர் கேட்டார். முதலாளி கண்ணால் அளந்து ஒரு முந்நூறு இருக்கும் என்றார்.

"நான் போட்டது நூத்தி அறுவதுக்கு. ரெண்டு மடங்கு ஆளு நின்னா அது என்ன செய்யும்?"

முதலாளி என்னைப் பார்த்தார். "நீருதானவே கணக்குச் சொன்னீரு?"

"இலை எத்தனன்னு கேட்டாரு. சொன்னேன்."

"அப்ப நிக்கவனெல்லாம் யாருவே, பேயா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் கீழே பார்த்தேன்.

அடுத்த முகூர்த்தத்துக்குள் ஒரு பலகை வந்துவிட்டது. 'இக்கூடத்தில் ஒரே நேரத்தில் நூற்று அறுபது பேர் மட்டும்' என்று நீலத்தில் வெள்ளை எழுத்து. அதை வாசலுக்கு மேலே மாட்டினோம். பலகை யாரையும் நிறுத்தாது, நிறுத்த ஓர் ஆள் வேண்டும். "கணக்குச் சொன்ன ஆளே நில்லும்" என்று முதலாளி சொல்லிவிட்டார். கட்டைவிரலால் அமுக்கினால் ஓர் எண் கூடுகிற சின்னக் கருவி இரண்டு கொடுத்தார். வலது கையில் இருப்பது உள்ளே போகிறவர்களுக்கு. இடது கையில் இருப்பது வெளியே வருகிறவர்களுக்கு.

கல்யாண வீட்டில் பந்தி வாசலில் நிற்கிறவனுக்கு வாய் வேண்டும். "வாங்க மதினி, ரெண்டே நிமிஷம், இலை எடுத்துட்டு இருக்காவ, காப்பி குடிச்சியளா" என்று அவன் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். அப்படிப் பேசுகிறவன் நிறுத்தினால் நிறுத்தியது தெரியாது. எனக்குப் பேச வராது. எண் நிறைந்ததும் நான் கையைக் குறுக்கே நீட்டுவேன். தரையைப் பார்ப்பேன். அவ்வளவுதான். முதலாளியிடம் இதைச் சொன்னேன். எனக்கு வேண்டாம், வேறு ஆளைப் போடுங்கள் என்றேன். "வாய் இல்லாத ஆளுதான்வே இதுக்குச் சரி. பேசத் தெரிஞ்சவனா இருந்தா தெரிஞ்சவன், சொந்தக்காரன்னு உள்ள விட்டுருவான்" என்றார்.

ஆனி மாதத்தில் ஒரு கல்யாணம். கூட்டம் அதிகம். இரண்டாம் பந்தி நிறைந்து, எண் முடிந்து, நான் கையை நீட்டி நின்றேன். வெளியே ஒரு கூட்டம் முணுமுணுத்துக்கொண்டு நின்றது. அதில் ஐம்பது ஐம்பத்தைந்து வயதில் ஒருவர் முன்னால் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் ஒரு துணிப்பை.

"அண்ணாச்சி, நான் ஒரு ஆளுதான். கொஞ்சம் விடுங்க."

நான் மேலே இருந்த பலகையைக் கண்ணால் காட்டினேன்.

"அது கெடக்கட்டும். எனக்குச் சக்கரை. மாத்திரையப் போட்டுட்டேன், இனி நிக்க முடியாது. ஓரமா ஒரு இலை போட்டாப் போதும்."

சொல்ல வேண்டிய வார்த்தைகள் எனக்குத் தெரியும். உட்காருங்கள், ஒரு வாழைப்பழமாவது கொண்டு வருகிறேன், அடுத்த இலை உங்களுக்குத்தான். எல்லாம் நெஞ்சுக்குள் வரிசையாக நின்றன. ஒன்றும் வெளியே வரவில்லை. என் கை மட்டும் குறுக்கே இருந்தது. அவர் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். ஒரு மனிதரை அவமதிக்க இதைவிடச் சுருக்கமான வழி இருக்க முடியாது.

அந்த நேரம் பார்த்து முதலாளி வந்தார். கூடவே அவருடைய சின்ன மைத்துனரும் வீட்டுப் பெண்களும் குழந்தைகளுமாக ஒரு படை. "இவங்கள விடும்வே" என்று சொல்லிக்கொண்டே என் கையை அவரே தள்ளிவிட்டு அவர்களை உள்ளே அனுப்பினார். அவர்கள் போனதும் கையைத் திரும்ப நீட்டச் சொல்லிக் கண்ணைக் காட்டினார். நான் நீட்டினேன். கட்டைவிரலை அமுக்கினேனா என்று ஞாபகம் இல்லை.

சக்கரைக்காரர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நல்லாருக்குவே" என்று ஒரே வார்த்தை சொன்னார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கல்யாண வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல், வெயிலில் பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்து போனார். கல்யாணத்துக்கு வந்த ஆள் சாப்பிடாமல் போவது என்றால் எங்கள் ஊரில் என்ன அர்த்தம் என்பதை எழுத வேண்டியதில்லை.

சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழையும்போதே மனைவி வாசலுக்கு வந்துவிட்டாள்.

"இன்னைக்கு மண்டபத்துல யாரையாவது கையப் புடிச்சு நிறுத்துனியளா?"

"கையப் புடிக்கல. கைய நீட்டினேன்."

"அவருதாம் அந்தப் பையனுக்கு மாமா. அந்தக் கல்யாணத்துக்குன்னு காலையிலதான் திருப்பூர்ல இருந்து வந்து எறங்கியிருக்காரு. பொண்ணோட அப்பா வேல பாக்குத மண்டபமாச்சே, அப்படியே பாத்துட்டும் வருவோம்னு வந்திருக்காரு."

பையனுடைய அப்பா போன் செய்து இவ்வளவையும் சொல்லியிருந்தார். கோபமாகப் பேசவில்லையாம். மச்சான் பசி மயக்கத்தில் பஸ்ஸில் சாய்ந்துவிட்டார், யாரோ பிஸ்கட் கொடுத்திருக்கிறார்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாராம். மகள் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்த துணியையே திரும்ப உதறி மடித்தாள்.

மறுநாள் நானும் மனைவியும் பழமும் வெற்றிலையும் வாங்கிக்கொண்டு ஆழ்வார்குறிச்சிக்குப் போனோம். பஸ்ஸில் போகும்போது சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். மாமா முன்கூடத்தில் நாற்காலியில் இருந்தார். பையனின் அப்பா பக்கத்தில் இருந்தார். பையன் உள்வாசலில் நின்று செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வாங்க வாங்க," என்றார் மாமா. "பயப்படாம வாங்க. நம்ம வீட்டுல போர்டு எதுவும் மாட்டல."

மனைவிதான் பேசினாள். "தெரியாம நடந்து போச்சு அண்ணே. நீங்கன்னு தெரிஞ்சிருந்தா விட்டிருப்பாவ. மனசுல வச்சுக்கிடாதீங்க."

"அதத்தாம்மா நானும் சொல்லுதேன். நான்னு தெரிஞ்சிருந்தா விட்டிருப்பாரு. மொதலாளி வீட்டு ஆளுகன்னு தெரிஞ்சுச்சு, விட்டாரு. யாருன்னு தெரியாதவன் பசியோட கெடந்து சாகணும். அப்படித்தான?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் பேச வேண்டிய இடம் அதுதான். பஸ்ஸில் சொல்லிப் பார்த்ததில் ஒரு வார்த்தையாவது வரட்டும் என்று வாயைத் திறந்தேன். "நூத்தி அறுபதுதான்..." என்று வந்தது. அத்தோடு நின்றுவிட்டது.

மாமா சிரித்தார். அந்தச் சிரிப்பில் கோபம் தீர்ந்துபோயிருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"சரிவே, ஒம்ம வழியிலயே வாரேன். இந்த வீட்டுல எங்க அக்கா, மச்சான், அவன், அவன் தங்கச்சி. எடம் நெறஞ்சு போச்சு. ஒம்ம மகள அடுத்த பந்தியில பாப்போம்."

பையனின் அப்பா, "மச்சான், போதும்" என்று மெதுவாகச் சொன்னார். பையன் உள்ளே போய்விட்டான். நாங்கள் கொண்டுபோன பழத் தட்டு முக்காலியில் இருந்தது. கிளம்பும்போது பையனின் அம்மா அதை எடுத்து வந்து மனைவியின் கையிலேயே கொடுத்தாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. ஆனாலும் கொடுத்தாள்.

அவர் சொன்னது அநியாயம் என்று எனக்குத் தோன்றவில்லை. எனக்கு அதுதான் கசப்பு. முதலாளி வீட்டு ஆட்கள் என் கண் முன்னால்தான் உள்ளே போனார்கள். அவர்களுக்கு மட்டும் அந்தக் கூடத்தில் இடம் எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்?

அதற்குப் பிறகும் வாசலில் நின்றேன். வேறு என்ன செய்ய? ஆடியில் முகூர்த்தம் இல்லை. ஆவணி, ஐப்பசி, கார்த்திகை முழுக்க நின்றேன். நிறுத்தப்பட்டவர்கள் என்னைத் திட்டினார்கள். பந்தலில் சொல்லிச் சொல்லி ஊரில் எனக்கு நம்பர்காரர் என்று பேர் வந்துவிட்டது. டீக்கடையில் உட்கார இடம் தேடினால், "எண்ணிப் பாத்துட்டு உக்காரும்வே" என்று ஒருத்தன் சொல்வான். இன்னொருத்தன் எழுந்து எனக்கு வழிவிடுகிற மாதிரி நடிப்பான். மகளுக்கு வேறு இடம் பார்த்த தரகர், "நம்பர்காரரு மகளான்னு கேக்காவ, நான் என்னத்தச் சொல்ல?" என்று மனைவியிடமே கேட்டிருக்கிறார். மகள் காலையில் கடைக்குப் போவாள், இருட்டுவதற்குள் வருவாள், சாப்பிடுவாள். ஆழ்வார்குறிச்சி பற்றி வீட்டில் பேச்சு வந்தால் எழுந்து போய்விடுவாள்.

இந்தத் தை பிறந்து, முதலாளி அந்த இஞ்சினியரை ஒரு கல்யாணத்துக்கு வரச் சொன்னார். சாப்பாடு இல்லாமல் திரும்பிப் போகிறார்கள் என்று மண்டபத்துக்குக் கெட்ட பேர் வந்து, முகூர்த்தங்கள் கடையம் பக்கம் வேறு மண்டபத்துக்குப் போகத் தொடங்கியிருந்தன. அதனால் வந்த அக்கறை அது. "இன்னைக்கு ஒருத்தரையும் நிறுத்தாதீரும். தம்பி உள்ள உக்காந்து பாக்கட்டும்" என்றார்.

இஞ்சினியர் நடு வரிசையில் உட்கார்ந்தார். அவர் இலையில் உப்பு வைக்கும் முன்னே ஒரு பருமனான அம்மாள் வந்து அவருடைய நாற்காலியின் முதுகில் கைப்பையை மாட்டினாள். அவளுடைய பேரப்பிள்ளை நாற்காலிக்காலை உதைத்துக்கொண்டிருந்தான். சாம்பார் முடியும்போது கூடம் நிறைந்து சுவரோரம் வரை ஆட்கள் நின்றார்கள். ஏசி இரைந்தது. இஞ்சினியரின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கை கழுவிவிட்டு என்னிடம்தான் நேராக வந்தார். சிரிப்பை அடக்க முடியவில்லை அவருக்கு.

"அண்ணாச்சி, பாயசத்துல ஒரு வாய்தான் வச்சேன். 'தம்பி முடிச்சாச்சா'ன்னு காதுக்குள்ளயே கேட்டுட்டாவ அந்த அம்மா!"

அங்கேயே ஓரமாக உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தார். அதே கறுப்புக் கோடுகள், அதே மஞ்சள். பட்டியலை இறக்கி, சாப்பாட்டு அறை என்பதை எடுத்துவிட்டு, ஆட்கள் நெருங்கி இருக்கிற பொதுக்கூடம் என்று எதையோ வைத்தார். நடுவில் இருந்த எண் சட்டென்று முந்நூற்றைத் தாண்டியது. அடுக்களைப் பக்கத்துக் கதவை அகலப்படுத்தி ஆட்கள் வெளியேறுகிற கதவாக்கிவிட்டால் கட்டட விதிக்கும் சரியாக இருக்கும், ஏசி இரண்டு கூடப் போட வேண்டும் என்று முதலாளியிடம் சொன்னார். முதலாளி சரி என்றார். ஒரு டீ குடிக்கிற நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

முதலாளி போன பிறகு நான் அவரிடம் கேட்டேன். நானாக அவரிடம் கேட்ட இரண்டாவது கேள்வி அது.

"சார், போன வருஷம் இருந்த கூடமும் இதுவும் ஒண்ணுதானே?"

"ஒண்ணுதான் அண்ணாச்சி. கூடம் மாறல. இது எதுக்கான எடம்னு நாம சொல்லுததத்தான் மாத்தியிருக்கேன்." கணினியை மூடிக்கொண்டே அன்பாகத்தான் சொன்னார், "நிக்க வழக்கம் இருக்குன்னு நீங்களோ நானோ அன்னைக்கே யோசிச்சிருக்கணும்."

அவருக்கு அது ஒரு கல்யாணச் சாப்பாட்டுக் கதை. இனி அதை எத்தனையோ பேரிடம் சொல்லிச் சிரிப்பார். அவர் சிரிக்காமல் இருக்க அவர் என்ன இழந்தார்?

பங்குனியில் கதவு வேலை முடிந்தது. புதுப் பலகையில் புது எண். என் இரண்டு கருவிகளையும் முதலாளி வாங்கி மேசை இழுப்பறையில் போட்டுவிட்டார். "இனி ஒமக்கு வாசல்ல வேல இல்ல" என்றார், எனக்கு ஏதோ உபகாரம் செய்வது மாதிரி.

வீட்டில் சொன்னேன். மனைவி சொன்னாள், "அப்ப மொதலாளிய ஒரு எட்டு ஆழ்வார்குறிச்சிக்கு வரச் சொல்லுங்க. எஞ்சினியரு கணக்கு தப்பாப் போச்சு, நான்தான் நிறுத்தச் சொன்னேன், அவரு மேல தப்பில்லன்னு ஒரே ஒரு வார்த்த சொல்லட்டும். பெரிய மனுஷன் சொன்னா மாமா எறங்கி வருவாரு. அந்தப் பையனுக்கு இன்னும் முடியலன்னுதான் கேள்வி." மகள் அடுப்புப் பக்கம் நின்றாள். தோசைக்கரண்டி சத்தம் நின்றிருந்தது.

கேட்பதற்குத் துணிவு வரச் சித்திரை ஆகிவிட்டது. முதலாளி அவருடைய ரைஸ் மில்லில் தனியாக இருந்த நேரம் பார்த்துப் போனேன். நின்றேன். என்னவே என்றார். வைகாசியில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். அவ்வளவு நேரம் நான் யாரிடமும் பேசியதில்லை. மகளின் கல்யாணப் பேச்சு நின்றுபோனது இதனால்தான் என்பது அவருக்கு அதுவரை தெரியாது. உண்மையிலேயே அதிர்ந்துபோனார்.

"ஏன்வே, இத மொதல்லயே சொல்லக் கூடாதா? அட, இதுக்கென்ன, நாளைக்கே காரெடுத்துட்டுப் போவோம். ஒரு வார்த்த சொன்னா தேஞ்சா போயிருவேன்? ஆழ்வார்குறிச்சியில யாரு வீடு?"

"மோட்டார் கடை வச்சிருக்க பையன். மாமா திருப்பூர்ல பனியன்..."

முதலாளியின் முகம் மாறியது. சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்தார், போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"அவங்களா? நேத்துதான்வே அந்த மாமன்காரரு வந்து முன்பணம் குடுத்துட்டுப் போனாரு. அந்தப் பையனுக்குத்தான், ஆவணியில கல்யாணம். பொண்ணு பாவூர்சத்திரம். நம்ம மண்டபத்துல இப்ப முந்நூறு பேரு ஒண்ணா இருக்கலாமாமேன்னு கேட்டுத்தான் வந்தாரு."

நான் நின்றுகொண்டிருந்தேன்.

"இப்பப் போயி நான் பழசக் கிளறினா நல்லாவா இருக்கும்? சொல்லும்." கண்ணாடியைத் திரும்பப் பைக்குள் வைத்தார். பிறகு, "ஒண்ணு செய்யும். அன்னைக்கு முன்பக்கம் வராதீரும். அவருக்கும் சங்கடம், ஒமக்கும் சங்கடம். பின்னால பாத்திரத்தப் பாத்துக்கிடும்" என்றார்.

"சரி மொதலாளி" என்றேன். அந்த வார்த்தை மட்டும் எனக்கு எப்போதும் தடையில்லாமல் வரும்.

வாய்க்கால் கரை வழியாக நடந்தே வீட்டுக்கு வந்தேன். மனைவி வாசலிலேயே, "கேட்டியளா?" என்றாள். முதலாளி ஊரில் இல்லை என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனேன். துண்டை எடுத்துக்கொண்டு மகள் பின்னாலேயே வந்தாள். இந்த விஷயத்தில் ஒரு வருஷமாக அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. துண்டை நீட்டிக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"எப்ப வருவாராம்ப்பா?"

"ஆவணி கழிஞ்சு" என்றேன்.